பெட்ரோல் கார்ட்டா, பேட்டரி கார்ட்டா: எரிபொருள் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள்

கோல்ஃப் கார்ட் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் போடுவது எரிபொருள் கணக்குதான். "பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும், கரண்டுக்கு எவ்வளவு ஆகும்" என்று கேட்டுவிட்டு, கரண்ட் மலிவு என்றதும் பேட்டரி வண்டிதான் லாபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைசியில் அவர்கள் வாங்குவது சரியான வண்டியாகவே இருக்கலாம், ஆனால் காரணம் தப்பு. அதே காரணத்தை நம்பித் தப்பான பேட்டரியோடு வாங்கி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

நான் பேசுவது அமெரிக்காவில், குறிப்பாக ஜார்ஜியா, ஃப்ளோரிடா பக்கம், வீட்டுத் தேவைக்கு வாங்கும் கார்ட்டைப் பற்றி. அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி என்று ஓர் ஊர். கார்ட் ஓட்டுவதற்கென்றே அங்கே சுமார் நூறு மைல் பாதை இருக்கிறது, பெரிய சாலைகள் குறுக்கே வந்தால் அடியில் சுரங்கம் அல்லது மேலே பாலம். மளிகைக் கடைக்கும் ஏரிக்கரைக்கும் நூலகத்துக்கும் கார்ட்டிலேயே போகிறார்கள், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதிலேயே பள்ளிக்கு வருகிறார்கள். ஃப்ளோரிடாவில் தி வில்லேஜஸ் என்ற ஓய்வுபெற்றோர் குடியிருப்பும் இப்படித்தான், இன்னும் பெரிய அளவில். நம்மூர் ரயில் நிலையத்தில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பேட்டரி கார் கிட்டத்தட்ட இதே வண்டிதான், ஆனால் அங்கே பெட்ரோலா பேட்டரியா என்ற கேள்வியே எழுவதில்லை. இங்கே எழுகிறது, ஏனென்றால் இ-இசட்-கோ, கிளப் கார், யமஹா என்ற மூன்று பெரிய கம்பெனிகளுமே இரண்டு வகையையும் விற்கிறார்கள். மூன்றுமே ஜார்ஜியாவில்தான் தயாராகின்றன: முதல் இரண்டும் அகஸ்டா பகுதியில், யமஹா பீச்ட்ரீ சிட்டிக்குப் பக்கத்திலேயே நியூனனில். (அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஆட்டக்காரர்கள் பதினெட்டு குழிக்கும் நடந்துதான் போகிறார்கள் என்பது வேறு கதை.)

சரி, அந்த எரிபொருள் கணக்கை ஒரு தடவை போட்டுவிட்டு மூடிவைப்போம். வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் போகிற குடும்பத்துக்கு அது தாராளம். இப்போதைய இன்ஜெக்ஷன் இன்ஜின் (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வகை) பெட்ரோல் கார்ட் ஒரு கேலனுக்கு ஏறக்குறைய 35 மைல் கொடுக்கும். கேலன் மூன்று டாலர் என்றால் மைலுக்கு ஒன்பது சென்ட், வருஷத்துக்கு 90 டாலர். பேட்டரி வண்டிக்கு சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மைலுக்கு மூன்று சென்ட் என்று எடுத்தால் வருஷத்துக்கு 30 டாலர். ஆக மிச்சம் 60 டாலர். ஐந்து வருஷத்தில் 300 டாலர்.

இப்போது ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பழைய வகை லெட் ஆசிட் பேட்டரியை யோசியுங்கள். ஒரு வண்டிக்கு ஆறு பேட்டரி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருஷம், சில நேரம் ஆறு. புது செட் மாற்ற ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐநூறு டாலர்வரை ஆகும். ஐந்து வருஷமாக மிச்சம் பிடித்த 300 டாலர் அதில் ஒரு பேட்டரிக்குக் கொஞ்சம் மேல். பெட்ரோல்காரருக்கும் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட் என்று கடையில் கொடுத்தால் வருஷத்துக்கு 150, 200 டாலர் போகும், எனவே ஐந்து வருஷக் கணக்கில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சொந்தக் கையால் ஆயில் மாற்றத் தெரிந்தவருக்குப் பெட்ரோல் வண்டியே மலிவாக முடிந்தாலும் ஆச்சரியமில்லை. பணம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

பதில் சொல்வது வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது, பகலில் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்ற இரண்டும்தான்.

கராஜ் இருக்கிறது, அதில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது என்றால் பேட்டரி வண்டிக்கு வேறெதுவும் வேண்டாம். பெரும்பாலான 48 வோல்ட் சார்ஜர்கள் சாதாரண 120 வோல்ட் பாயின்ட்டிலேயே ஓடும், மின்சாரக் காரைப்போல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. ஆனால் அதே பாயின்ட்டில் ஃப்ரீசரையும் செருகிவைத்திருந்தால் பிரேக்கர் விழும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார்ட்டை வீட்டோடு ஒட்டிய கராஜில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. பெட்ரோல் வாடை துணி உலர்த்தும் அறைவரை வரும். வாடை மட்டுமென்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இங்கே பல வீடுகளில் கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் அதே கராஜில் இருக்கும், அதற்குள் எந்நேரமும் எரியும் சின்னச் சுடர் இருந்தால் பெட்ரோல் ஆவிக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று யோசிக்கத்தான் வேண்டும். கதவை மூடிவைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு. லெட் ஆசிட் பேட்டரியும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை விடுகிறது, அதற்கும் காற்றோட்டம் வேண்டும், என்றாலும் ஜன்னலோ கதவோ கொஞ்சம் திறந்திருந்தால் போதும்.

பிளக் பாயின்ட்டே இல்லாத இடம் என்றால் கதை மாறுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது நிறுத்துமிடம், ஏரியோரக் கூடாரம், பண்ணையின் பின்பக்கத் தகரக் கொட்டகை, இங்கெல்லாம் பெட்ரோல்தான். ஐந்தாறு கேலன் டேங்கை நிரப்பினால் 150, 200 மைல் ஓடும், கேனில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினால் வேலை முடிந்தது. தி வில்லேஜஸில் பெட்ரோல் கார்ட்டுக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கும் இந்தத் தூரம்தான் காரணம். அங்கே காலையில் ஒரு கோல்ஃப் மைதானம், மதியம் மருத்துவர், சாயங்காலம் சதுக்கத்தில் பாட்டு என்று ஒரே நாளில் ஓட்டித் தள்ளுகிறார்கள், நடுவில் வீட்டுக்கு வந்து சார்ஜ் போடப் பொறுமை கிடையாது. புது லெட் ஆசிட் செட்டே ஒரு சார்ஜில் 25, 30 மைல்தான் நிம்மதியாகப் போகும், நாலு வருஷம் ஆனதும் அது பதினைந்தாகிவிடும். 51 வோல்ட், 105 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி என்றால் 35 மைலுக்குக் குறையாது. பீச்ட்ரீ சிட்டியில் வீட்டிலிருந்து கடைக்குப் போய்த் திரும்ப அதில் பாதிகூடத் தேவைப்படாது.

சும்மா நிற்கும் விஷயம் இதைவிட முக்கியம், ஆனால் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. கார்ட் என்பது ஓடுவதைவிட நிற்கும் வண்டி. கோடையில் தினமும் ஓடும், குளிரில் மாதக் கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். பெட்ரோல் அப்படிக் கிடந்தால் கெட்டுப்போகிறது. இங்கே பங்க்கில் கிடைப்பதில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சில மாதத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். வசந்தம் வந்து சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பெட்ரோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் கலந்துவைக்கலாம், எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடி வாங்கலாம், குளிருக்கு முன் கார்புரேட்டரை வடித்துவிடலாம். இதெல்லாம் செய்பவர்களுக்குப் பிரச்சினை வராது. இன்ஜெக்ஷன் வந்தபிறகு தொல்லை குறைந்தும்விட்டது. அதனால் பெட்ரோல்தான் என்று தீர்மானித்துவிட்டால், பழையதாகவே வாங்கினாலும் கார்புரேட்டர் வண்டியை விட்டுவிட்டு இன்ஜெக்ஷன் வண்டியாகத் தேடுங்கள், கூடக் கொடுக்கும் காசு வீண் போகாது. யமஹாவில் 2017-இல் வந்த குவைடெக் மாடலிலிருந்து சத்தமும் நன்றாகக் குறைந்திருக்கிறது, எதிரில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

பேட்டரி வண்டியைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பது உள்ளே என்ன பேட்டரி என்பதைப் பொறுத்தது, இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். "எலக்ட்ரிக்" என்று ஒரே பெயரில் விற்றாலும் லெட் ஆசிட் வண்டியும் லித்தியம் வண்டியும் வைத்துக்கொள்பவருக்கு இரண்டு தனி வண்டிகள்தான். பெட்ரோலுக்கும் லித்தியத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட, என்னைக் கேட்டால், லெட் ஆசிட்டுக்கும் லித்தியத்துக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது.

லெட் ஆசிட் பேட்டரிக்கு நீர் ஊற்ற வேண்டும். ஒரு பேட்டரிக்கு மூன்று அல்லது நாலு மூடி, ஆறு பேட்டரி, மாதம் ஒரு முறை சீட்டைத் தூக்கி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. சார்ஜ் ஏறி முடிந்தபிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து டெர்மினலையும் கீழேயிருக்கும் சட்டத்தையும் அரிக்கும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூழ்கும்வரை முதலில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். பாதிக்குக் கீழே வடியவிடக் கூடாது. ஓட்டிவிட்டு வந்ததும் சார்ஜில் போட வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட விடத் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். முழுக்க வடிந்துவிட்டால் இன்னொரு கூத்து இருக்கிறது: பல பழைய சார்ஜர்கள் பேட்டரியில் ஓரளவு வோல்டேஜ் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும், செத்த பேட்டரியோடு இணைத்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். வெயிலும் எதிரி. 25 டிகிரி செல்சியஸுக்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் எல்லாரும் சொல்லும் கணக்கு, அதனால்தான் அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் ஐந்து வருஷம் வரவேண்டியது மூன்றில் முடிந்துவிடுகிறது. குளிர் ஊரில் வேறு ஆபத்து, முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி உறையாது, வடிந்து கிடப்பது உறைந்து பிளந்துவிடும்.

லித்தியத்தில் இந்தப் பாடு எதுவும் இல்லை. கார்ட்டில் வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. நீர் ஊற்ற வேண்டாம், அரிப்பு கிடையாது, பாதிச் சார்ஜில் விட்டுவிட்டுப் போனாலும் மாதங்கள் கழித்து அப்படியே இருக்கும், ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போக வேண்டும். எடை குறைவது ஓட்டும்போதே தெரியும்: லெட் ஆசிட் செட் கிட்டத்தட்ட 375 பவுண்டு, அதே வேலை செய்யும் லித்தியம் நூறு பவுண்டு சொச்சம். மேட்டில் ஏறும்போது லெட் ஆசிட் மூச்சு வாங்கும், சார்ஜ் குறையக் குறைய வேகமும் குறையும். லித்தியம் கடைசிவரை ஒரே மாதிரி இழுத்துவிட்டுச் சட்டென்று நிற்கும், அதனால் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். குறை இல்லாமல் இல்லை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, நல்ல பேட்டரியில் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையே அதைத் தடுத்துவிடும், மின்னசோட்டா மாதிரி ஊரில் சூடில்லாத கொட்டகை என்றால் இதை யோசிக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 2022-இல் இயன் புயல் வந்தபோது ஃப்ளோரிடாவில் உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பிறகு தீப்பிடித்தன. கார்ட்டில் இருக்கும் வகை அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனாலும் வெள்ளம் வருகிற வீடென்றால் புயல் எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.

புயல் என்றதும் பெட்ரோல் கட்சிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், கரண்ட் போனாலும் எங்கள் வண்டி ஓடும் என்று. பாதி உண்மை. கரண்ட் இல்லாவிட்டால் பங்க்கிலும் மோட்டார் ஓடாது, ஜெனரேட்டர் வைத்திருக்கும் பங்க்கில் வரிசை தெருமுனைவரை நிற்கும். கேனில் முன்னாலேயே சேர்த்துவைத்தவருக்குத்தான் அந்தப் பெருமை.

ஓட்டும் சுகத்தைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை, பேட்டரிதான். பெட்ரோல் வண்டியில் பெடலை மிதித்ததும் ஸ்டார்ட்டர் சுற்றி, இன்ஜின் பிடித்து, கிளட்ச் பெல்ட்டை இறுக்கி, அதன்பிறகே ஒரு சின்னக் குலுக்கலோடு நகரும். காலை எடுத்தால் அணைந்துவிடும். இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் ஜூலை மாதத்தில் சூடும் தெரியும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஏரியைச் சுற்றிக் காட்ட வேண்டுமென்றால் புகையும் அதிர்வும் அவர்களுக்குத்தான் முதலில் போகும். வேட்டைக்குப் போகிறவர்கள் காட்டுக்குப் பெட்ரோல்தான் எடுத்துப்போவார்கள் என்று நினைப்போம், ஆனால் அவர்களில் நிறையப் பேர் பேட்டரி வண்டியைத் தேடுகிறார்கள், மான் காதில் விழாமல் போகலாமே. சுமை இழுப்பதற்கும் வேலி ஓரமாக நாள் முழுக்க ஓடுவதற்கும் பெட்ரோல் தேவலாம்.

வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், எந்த வண்டியாக இருந்தாலும், ஒரு நிமிஷம் நில்லுங்கள். மணிக்கு 20 மைலைத் தாண்டி 25 வரை போகும்படி செய்தால் அது கோல்ஃப் கார்ட் என்ற வகையிலிருந்து வெளியேறி, 1998-இல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த குறைவேக வாகன வகைக்குள் போய்விடுகிறது. சீட் பெல்ட், கண்ணாடி, விளக்கு, வாகன எண் எல்லாம் வேண்டும், காப்பீடும் வேறு. பேட்டரி வண்டியில் இது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஓர் எண்ணை மாற்றும் வேலை என்பதால் ரொம்பச் சுலபமாகச் செய்துவிடுவார்கள். ஃப்ளோரிடாவில் 2023 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் கீழே இருப்பவர் கார்ட் ஓட்டவே உரிமமோ பயிலுநர் அனுமதியோ வேண்டும், பிள்ளைகளுக்காக வாங்குபவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் காற்றுமாசு அதிகமான பகுதிகளில் புதுப் பெட்ரோல் கார்ட்டுக்கு 1997-லிருந்தே இடமில்லை, அங்கே இந்தக் கட்டுரையே தேவையில்லை.

பழைய வண்டி வாங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் பேட்டரி கார்ட்டுகளில் நிறைய கோல்ஃப் மைதானங்களிலிருந்து குத்தகை முடிந்து வருபவை. மூன்று நாலு வருஷம் தினமும் ஓடியவை. புதுச் சீட், பளபளக்கும் சக்கரம், பெயின்ட் எல்லாம் போட்டு அழகாக நிறுத்தியிருப்பார்கள், சீட்டைத் தூக்கினால் பேட்டரி பழையதாக இருக்கும். டெர்மினலில் அல்லது மூடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா பாருங்கள், பல பிராண்டுகளில் எழுத்து மாதம், எண் வருஷத்தின் கடைசி இலக்கம். மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். 48 வோல்ட் லெட் ஆசிட் செட் முழுச் சார்ஜ் ஏறிச் சில மணிநேரம் சும்மா நின்றபிறகு 50.9 வோல்ட் காட்ட வேண்டும், 48.4 என்றால் பாதிதான். அப்புறம் ஒவ்வொரு பேட்டரியாகத் தனித்தனியே அளந்து பாருங்கள், ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும் என்று விற்பவர் சொல்வார். பழைய ஐந்தோடு புதிது ஒன்றைச் சேர்த்தால் அந்தப் புதிதும் சீக்கிரமே பழசாகிவிடும், விலையில் முழுச் செட்டின் காசைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் நீங்கள் போவதற்கு முன்னால் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, நீலப் புகை வருகிறதா, மேட்டில் பெல்ட் வழுக்குகிறதா, இந்த மூன்றும் போதும்.

என் தேர்வு என்ன என்றால்: கராஜும் பாயின்ட்டும் இருக்கிற குடும்பத்துக்கு லித்தியம், கையில் காசு இருந்தால் தொழிற்சாலையிலிருந்தே லித்தியத்தோடு வருவது. காசு குறைவு என்றால் பேட்டரி தேய்ந்துபோன, உடல் நன்றாக இருக்கிற நல்ல பிராண்ட் வண்டியை அடித்துப் பேசி வாங்கி, அதில் லித்தியம் போட்டுக்கொள்வது. ஈராயிரம் டாலருக்கு முன்பின் ஆகும், ஆனால் அடுத்த பத்து வருஷம் சீட்டைத் தூக்க வேண்டிய வேலை இருக்காது. லெட் ஆசிட் கார்ட்டை, மாதாமாதம் நீர் பார்க்கும் குணம் உங்கள் வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே இருந்தால் மட்டும் வாங்குங்கள். பாயின்ட் இல்லாதவருக்கும், நாளுக்கு நாற்பது மைல் ஓடுபவருக்கும், பண்ணைக்கும் இன்ஜெக்ஷன் பெட்ரோல். சீனத் தயாரிப்பு லித்தியம் கார்ட்டுகள் விலை குறைவு என்பதாலேயே வேகமாகப் பரவின, 2025-இல் அவற்றின்மீது கூடுதல் வரி விழுந்தது, இன்னும் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கலாம். வாங்குவதற்குமுன் அதன் கன்ட்ரோலரும் சார்ஜரும் உங்கள் ஊரில் யாரிடம் கிடைக்கும் என்று விற்பவரிடமே எழுதி வாங்குங்கள்.

பழைய வண்டியில் லித்தியம் மாட்டுகிறவர்கள் சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய லெட் ஆசிட் சார்ஜரை அப்படியே செருகக் கூடாது, இரண்டின் சார்ஜ் முறையும் வேறு. பெரும்பாலான கிட்டில் சார்ஜரும் மீட்டரும் சேர்ந்தே வருகின்றன. கழற்றிய ஆறு பழைய பேட்டரியையும் குப்பையில் போடாதீர்கள், ஈயத்துக்காகப் பேட்டரிக் கடையிலேயே எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் அறுபது பவுண்டுக்கு மேல், தூக்க இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.